முதியோர் இல்லத்துக்குத் தவறாமல் போகிற பையன், கோயிலுக்கு வர மறுக்கும்போது

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளியில் என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போய்வருகிறான். சின்ன வயதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் உங்களோடு கோயிலுக்கு வந்தவன் இப்போது வருவதில்லை. கூப்பிட்டால், "அங்க படுத்த படுக்கையா கெடக்கிற தாத்தா என்னம்மா பாவம் பண்ணாரு?" என்று கேட்கிறான். தொண்டு செய்தால் நல்ல குணமும் பக்தியும் வளரும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி, அனுப்புவதை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டில் நடப்பது கெட்டது அல்ல. தொண்டு அவனுக்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அது தானாக நல்ல இடத்தில் போய் முடியும் என்று உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன். உங்கள் பங்கு அதில் இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டெல்டாவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியராக இருந்தேன். அதில் 16 ஆண்டுகள் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. பிறகுதான் பள்ளிகளுக்கு வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். ஏட்டில் இருப்பது இவ்வளவுதான். பிள்ளைகளின் மனதில் நடப்பதை ஏட்டில் எழுத முடியாது. நான் பார்த்ததிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

முதியோர் இல்லத்தில் கால் நகம் வெட்டிவிடும் வேலையை ஒரு பையனுக்குக் கொடுத்தேன். பெரியவர் சர்க்கரை நோயாளி. நகம் மஞ்சளாகத் தடித்து, ஓடு மாதிரி வளைந்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, ஓரத்தில் தோண்டாமல் நேராக வெட்ட வேண்டும். ஒரு சின்ன காயம் பட்டாலும் எளிதில் ஆறாது என்று அங்கிருந்த செவிலியர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் பையன் மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினான். வெளியே வந்ததும் குழாயடியில் நின்று கையைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முறை போனபோது அவனே அரம் ஒன்று வாங்கி வந்திருந்தான். "ஓரம் சொரசொரன்னு இருந்தா போர்வையில மாட்டுதாம் சார், தாத்தா சொன்னாரு."

அந்தப் பெரியவர் பேருந்து நடத்துநராக இருந்தவர். வெட்டி முடிப்பதற்குள் தன் தடத்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார். காலையில் முதல் நடையில் எல்லோரும் நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் என்ன பாடு என்பதையும் சொல்லியிருக்கிறார். சில மாதம் கழித்து அந்தப் பையன் பேருந்தில் ஏறும்போது சட்டைப்பையில் சரியான சில்லறை வைத்திருப்பதைப் பார்த்தேன். நேர்மை, பரிவு, கடமை என்று நான் வகுப்பில் பேசிய எதுவும் அவனை அப்படிச் செய்ய வைக்கவில்லை. நடத்துநர் என்ற சட்டைக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அவன் கைவழியாக அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இது என் அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் கேம்டன் என்ற ஏழ்மை மிகுந்த ஊரில், பிறருக்காக உழைப்பதில் பெயர் எடுத்த பதின்பருவப் பிள்ளைகளை டேனியல் ஹார்ட், சுசேன் ஃபெக்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1995-ல் வெளியிட்டார்கள். எது சரி, எது தவறு என்று வாதிடும் திறனில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட உயர்ந்தவர்களாக இல்லை. வேறுபாடு வேறு இடத்தில் இருந்தது. "நீ யார்?" என்று கேட்டபோது, அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதிலேயே மற்றவர் மேல் உள்ள அக்கறை கலந்திருந்தது, பெற்றோர் தங்களுக்குக் காட்டிய இலட்சியங்களும் அதில் இருந்தன. ஒழுக்கம் அறிவில் ஏறுவதற்கு முன்பே "நான் இப்படிப்பட்டவன்" என்ற எண்ணத்தில் ஏறிவிடுகிறது. பதினைந்து, பதினாறு வயதுதான் அந்த "நான்" உருவாகும் பருவம். அதனால்தான் இந்த வயதுத் தொண்டுக்கு இவ்வளவு வலு.

உங்கள் மகனுக்கு இன்னும் நெருக்கமான ஒரு ஆய்வு உண்டு. வாஷிங்டனில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி. படித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். பதினோராம் வகுப்பில், சமய பாடத்தின் ஒரு பகுதியாக, வீடற்றவர்களுக்கு இலவச உணவு கொடுக்கும் கூடத்தில் பரிமாற வேண்டும். போய்வந்ததும் கட்டுரை எழுத வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து பேச வேண்டும். ஜேம்ஸ் யூனிஸ், மிரண்டா யேட்ஸ் ஆகிய இருவரும் 1990-களில் அந்தக் கட்டுரைகளை வரிசையாகப் படித்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் எண்ணம் மூன்று படியாக நகர்வது தெரிந்தது. முதலில், வீடற்றவர் என்ற கூட்டம் மறைந்து, எதிரே தட்டோடு நிற்கிற ஒரு ஆள் தெரிகிறார். பிறகு, அவர் நிலையையும் தன் நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு, ஏன் இப்படி இருக்கிறது, இது நியாயமா, நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்கிறார்கள். எல்லோரும் மூன்றாவது படிக்கு வந்துவிடுவதில்லை.

"தாத்தா என்ன பாவம் பண்ணாரு" என்று கேட்கிற உங்கள் மகன் அந்த மூன்றாவது படியில் நிற்கிறான். அந்தக் கேள்வியைக் கேட்காத பையனைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

இப்போது பக்திக்கு வருகிறேன். சின்ன வயதில் நம் பிள்ளைகளுக்கு சாமி என்றால் என்ன? கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், பொய் சொன்னால் கண்ணைக் குத்தும், பரீட்சைக்கு முன்னால் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் அப்படி வளர்ந்தவன்தான். அது பெரியவர்களிடமிருந்து வாங்கிக்கொண்ட நம்பிக்கை. பதின்பருவத்தில் அது ஒருமுறை ஆட்டம் காணும். தொண்டுக்குப் போகிற பிள்ளைக்குக் கொஞ்சம் முன்னதாகவே ஆடிவிடும். கேட்டால் கொடுப்பார் என்று சொல்லி வளர்த்த சாமி, படுக்கைப்புண்ணோடு கிடக்கிறவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று அவன் பார்க்கிறானே.

அந்த நேரத்தில் நம் வீடுகளில் சட்டென்று வருகிற பதில், "அது அவங்க முன்ஜென்ம வினைப்பா." உங்கள் மகனிடமும் யாரோ இதைச் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாவத்தைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டான். வினைக் கொள்கை நம் சமயங்களில் ஆழமான இடம் உள்ள ஒன்று. அதைப் பழிக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அதைத் தன் வாழ்க்கையைப் பார்த்துத் தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். கட்டிலில் கிடக்கிற இன்னொருவரைக் காட்டிச் சொல்லும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது. மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1966-ல் வெளியிட்ட சோதனை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பது போல் நடித்துக் காட்டி, பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் அவளைப் பற்றிக் கேட்டார்கள். அவள் வேதனையை நிறுத்த வாய்ப்பு கிடைத்தவர்கள் அவளைத் தாழ்த்திப் பேசவில்லை. ஒன்றும் செய்ய முடியாமல் வெறுமனே பார்த்தவர்கள், அவளிடமே ஏதோ குறை இருப்பது போல மதிப்பிட்டார்கள். உலகம் நியாயமானது என்று நம்ப ஆசைப்படுகிற மனம், துன்பத்தைத் தீர்க்க முடியாதபோது துன்பப்படுகிறவர் மேல் பழியைப் போட்டு ஆறுதல் தேடுகிறது.

இதைப் படித்த பிறகு, பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துக்கொண்டுபோய் இல்லங்களைச் சுற்றிக்காட்டிவிட்டு வருவதை நான் அடியோடு விட்டுவிட்டேன். பிறந்தநாளுக்கு கேக் வெட்டி, வரிசையில் நிற்கவைத்துப் பொட்டலம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பும் வருகைகளையும்தான். பார்த்துவிட்டு மட்டும் வருகிற பிள்ளை ஒன்று பாவப்படும், இல்லை உள்ளுக்குள் இளக்காரம் பழகும். கையில் ஒரு வேலை இருக்க வேண்டும், அதே ஆளிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

இந்த விஷயத்தில் நான் செய்த தவறு ஒன்று இன்னும் மனதில் கிடக்கிறது. முதல் ஆண்டுகளில், அறிக்கைக்குப் படம் வேண்டும் என்று, ஒரு பாட்டிக்கு ரொட்டி கொடுக்கும்போது மாணவியை நிறுத்திப் படம் எடுத்தேன். பாட்டி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெண் ரொட்டியை நீட்டியபடியே நின்றாள். என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வாங்குகிறவருக்கும் மானம் உண்டு என்பதை அன்று அந்தப் பாட்டிதான் எங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகு துடைப்பமும் மண்வெட்டியும் பிடித்திருக்கும் கைகளை மட்டும்தான் படம் எடுப்போம்.

துடைப்பம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. நம் ஊரில் ஒழுக்கம் பற்றிய பேச்சு துடைப்பத்தைத் தொடாமல் முடியாது. முகாமின் முதல் நாள் காலையில் கழிப்பறை கழுவ ஆள் பிரிக்கும்போதுதான் எல்லாம் வெளியே வரும். "எங்க வீட்ல இதெல்லாம் பொம்பளைங்க பண்றது சார்" என்று ஒருவன் சொல்வான். இன்னொருவன் ஒன்றும் சொல்லாமல், வழக்கமாக யார் வீட்டார் அந்த வேலைக்கு வருவார்களோ அந்தப் பையனைத் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் வருகைப்பதிவு எண் வரிசையில்தான் முறை போடுவேன். முதல் நாள் முறை என்னுடையது. வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு நான் உள்ளே போய்விட்டு வந்த பிறகு பேச்சே இருக்காது. ஏழு நாளும் ஒரே பந்தியில் சாப்பாடு, பரிமாறுவதும் முறை வைத்து. வீட்டிலும் தெருவிலும் பதினாறு வருடம் படிந்தது ஏழு நாளில் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் வகுப்புத் தோழன் எல்லோரும் போன கழிப்பறையைக் கழுவிவிட்டு வந்து தனக்குச் சோறு பரிமாறி, தானும் அதைச் சாப்பிட்ட பையன், சாதியைப் பற்றி வீட்டில் கேட்கும் பேச்சை முன்பு போல் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

இதில் நம் சமய மரபே நமக்குத் துணை நிற்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லுவேன். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் கையில் உழவாரப்படை என்ற புல் செதுக்கும் கருவியோடுதான் கோயில் கோயிலாக நடந்தார். திருப்புகலூரில் அவர் பிராகாரத்தில் புல் செதுக்கும் இடத்தில் பொன்னும் மணியும் கிடக்க, அதையும் கல்லையும் ஒன்றாகவே அள்ளிக் குளத்தில் எறிந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அவர் அக்காவின் கதை. தம்பி சமண சமயத்துக்குப் போய்த் தருமசேனராகப் பெயர் பெற்றிருந்த காலத்தில், திலகவதியார் திருவதிகைக் கோயிலில் விடியுமுன் அலகிட்டு, மெழுகி, பூப்பறித்துத் தொண்டு செய்துகொண்டிருந்தார். தம்பி சூலை நோயோடு திரும்பி வந்தபோது வாதம் செய்யவில்லை. திருநீறு கொடுத்து, துடைப்பமும் தோண்டியுமாகத் தான் வழக்கம் போலக் கோயிலுக்குக் கிளம்பியபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனார். உங்கள் இடத்தில் இருக்கும் தாய்க்கு இதைவிட நல்ல வழிகாட்டியை என்னால் காட்ட முடியாது.

விவேகானந்தர் 1897 ஜனவரியில் ராமேசுவரம் கோயிலில் பேசியதும் இதே பொருளைப் பற்றித்தான்: ஏழையிடமும் நலிந்தவரிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவரே உண்மையில் சிவனை வழிபடுகிறவர் என்றார். அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே திருமூலர், நடமாடும் கோயிலான மனிதருக்குக் கொடுத்தால் அது மாடக் கோயிலில் இருக்கும் கடவுளுக்கும் போய்ச்சேரும் என்று பாடிவைத்தார். எனவே உங்கள் மகன் ஞாயிற்றுக்கிழமை போகும் இடத்தையும் நீங்கள் வெள்ளிக்கிழமை போகும் இடத்தையும் எதிரெதிராக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அவன் ஒன்றைத்தான் எடுப்பான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என்.எஸ்.எஸ். அரசுத் திட்டம், அதில் மதம் கற்பிக்க இடமில்லை, கற்பிக்கவும் கூடாது. முகாம் நடந்த ஊர்க் கோயிலில் உழவாரப்பணி கேட்டால் விருப்பமுள்ளவர்களை மட்டும்தான் அனுப்புவேன். மற்றவர்களுக்குப் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை இருக்கும். கோயிலுக்குப் போனவர்களுக்குத் தூணில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பச்சரிசி மாவைத் தூவித் தேய்க்கும் வேலை. மதில் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை மட்டும் இழுத்துப் பிடுங்க விட மாட்டேன். வேர் கல்லுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால் கல்லே பெயர்ந்துவிடும். "சாமி கும்பிட வந்து இத்தனை வருஷத்துல இந்தத் தூண்ல யானை இருக்கிறதே தெரியல சார்" என்று மாவுக் கையோடு ஒரு பெண் சொன்னாள். எண்ணெய்க்கும் குங்குமத்துக்கும் அடியில் இருந்த யானை அது. அதுவும் ஒரு வழிபாடுதான் என்று நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மற்ற சமயத்துப் பிள்ளைகளிடமும் இதைத்தான் பார்த்தேன். ரமலான் மாதத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். மாலையில் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் இந்து வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். என் மாணவன் ஒருவன், விடியற்காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதவன், கொதிக்கிற கஞ்சியை அகப்பையால் ஊற்றிக்கொண்டிருப்பான். நோன்பு என்றால் பசியை அறிவது என்று அவன் வீட்டில் சொல்லித்தான் இருப்பார்கள். பசியோடு நின்று இன்னொருவர் பாத்திரத்தை நிரப்பும்போது அந்தச் சொல் அவனுக்குச் சொந்தமாகிவிடுகிறது.

இவ்வளவும் சொன்னபின் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொண்டு செய்கிற பிள்ளைகளிடம் சமய ஈடுபாடு கூடுதலாக இருப்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எது முன், எது பின் என்று பிரிப்பது கடினம். பக்தியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளே தொண்டுக்கு அதிகம் வருகிறார்கள், தொண்டும் அவர்கள் பக்தியை மாற்றுகிறது. அப்படி மாறும்போது எல்லோரும் நாம் விரும்பும் பக்கம் வந்துவிடுவதில்லை. என் மாணவர்களில் சிலர் சபரிமலைக்கு மாலை போடும் கூட்டத்துக்குச் சமைத்துப்போடப் போனார்கள். சிலர் கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டு ரத்ததான முகாம்களை இன்றைக்கும் விடாமல் நடத்துகிறார்கள். இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன்.

சான்றிதழுக்காகச் செய்வதில் என்ன பயன் என்றும் கேட்டிருந்தீர்கள். பாஸ்டனுக்கு அருகே ஒரு பள்ளியில் 40 மணி நேரத் தொண்டு கட்டாயமாக்கப்பட்டபோது, தானாக முன்வந்திருக்கக்கூடிய பிள்ளைகளிடம் பெரிய மாற்றம் தெரியவில்லை. வேண்டா வெறுப்பாக வந்த பிள்ளைகளிடம்தான் சமூக அக்கறை கூடியது என்று எட்வர்ட் மெட்ஸும் யூனிஸும் கண்டார்கள். இதற்கு மாறாக, கல்லூரி மாணவர்களிடம் செய்த வேறொரு ஆய்வு, தன்னை நெருக்குகிறார்கள் என்று உணர்ந்தவர்களுக்குப் பிறகு தொண்டு செய்யும் எண்ணமே குறைந்ததைக் காட்டியது. என் கணக்கில் இரண்டும் சரி. வாசல் வரைக்கும் சான்றிதழ் இழுத்துவரட்டும். உள்ளே என்ன வேலை, யாரோடு என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. அவன் ஞாயிறு மாலை திரும்பியதும் "சாப்டியா" என்பதோடு அந்தத் தாத்தாவின் பெயரைக் கேளுங்கள். அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். முகாமில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசும் அரைமணி நேரத்துக்குப் பகலெல்லாம் மண் சுமந்ததைவிடப் பலன் அதிகம். வீட்டில் அந்த வட்டம் நீங்கள்தான். அவன் பாவத்தைப் பற்றிக் கேட்டால் "எனக்கும் தெரியலப்பா" என்று சொல்லலாம், அதனால் உங்கள் பக்தி குறைந்துவிடாது. உறவினர் வீட்டில் அவன் எதிரிலேயே அவன் தொண்டைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். கூச்சப்பட்டு விட்டுவிடுவான், இல்லை பெருமைக்குப் பழகிவிடுவான். ஒரு ஞாயிறு நீங்களும் கூடப் போங்கள், ஒரு தூக்கில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு. சர்க்கரை, உப்புக் கட்டுப்பாடு யாருக்கு என்று இல்லத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நீங்கள் எப்போதும் போல் கிளம்புங்கள். வா என்று ஒருமுறை கூப்பிடுங்கள், இரண்டாம் முறை வேண்டாம்.

அடுத்த ஆண்டு பிளஸ் டூ. பொதுத்தேர்வு நெருங்கும்போது நிறுத்தச் சொல்லி வீட்டில் நெருக்குவார்கள். டிசம்பர் வரை மாதம் ஒருமுறையாவது போகட்டும். அதற்குமேல் முடியாது என்றால், "பரீட்சை முடியிற வரைக்கும் வர மாட்டேன் தாத்தா" என்று அவனே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும். சொல்லாமல் நின்றுவிட்டால் அந்தப் பெரியவர் ஒவ்வொரு ஞாயிறும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.